தசை சுருங்கும்போது உள்ளே எது சுருங்குகிறது?

கேள்வி மூன்று துண்டாக வந்திருக்கிறது. தசை சுருங்குகிறது என்கிறார்களே, உள்ளே எது சுருங்குகிறது? சுருங்குவதற்குச் சக்தி வேண்டும் என்றால், உயிர் போன உடம்பு தளர்ந்து கிடக்காமல் ஏன் விறைத்துப்போகிறது? கோவை வெள்ளியங்கிரி ஏறும்போது மூச்சு மட்டும்தான் வாங்கியது, இறங்கி வந்த மறுநாள் படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை, அது ஏன்?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தசைக்குப் பிடிப்பது பாதி வேலை, விடுவது மீதி வேலை. பாடப் புத்தகங்கள் பிடிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, விடுவதை நாலு வரியில் முடித்துவிடும். நான் உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். வாய்மொழித் தேர்வில் பிள்ளைகள் திணறுவதும் இந்த இரண்டாவது பாதியில்தான். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. இதற்கு ஆய்வகம் வேண்டாம், கறிக்கடை போதும். ஆட்டுத் தொடைக்கறியின் மேல் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். கடைக்காரர் கத்தி நுனியை உள்ளே விட்டு அதைச் சர்ரென்று உரித்துப் போடுவார். ஒரு முழுத் தசையின் வெளி உறை அதுதான். அதே சவ்வு உள்ளே கிளை பிரிந்து தசையைக் கற்றை கற்றையாகப் பிரிக்கிறது. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைப் பிய்த்தால் நார் நாராக வருகிறதே, அவை அந்தக் கற்றைகள். ஒன்றை எடுத்து நகத்தால் இன்னும் கீறினால் மயிரிழை மாதிரி மெல்லிய இழைகள் பிரியும். அங்கேதான் உண்மையான தசை நாருக்குப் பக்கத்தில் வருகிறோம். இந்த உறைகள் எல்லாம் தசையின் முனையில் ஒன்றுசேர்ந்து தசைநாணாகி எலும்பில் போய்ப் பதிகின்றன. ஒவ்வொரு நாரின் இழுப்பும் எலும்புக்குப் போய்ச் சேருவது இந்த வழியில்தான். ஆகவே உறையை வெறும் பொட்டலக் காகிதமாக நினைத்துவிடக் கூடாது.

ஒரு தசை நார் என்பது ஒரே ஒரு செல். கரு வளரும்போது பல செல்கள் வரிசையாக ஒட்டி ஒன்றாகிப் போனதால், ஒரே செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். பருமன் 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை, அதாவது தலைமுடி அளவோ அதற்குக் குறைவோ. நீளமோ சென்டிமீட்டர் கணக்கில் போகும். நம் உடம்பில் இப்படி 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் இருக்கின்றன. ஒரு சராசரி ஆணின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் இவைதான்.

நாருக்குள்ளே போனால், ஒரு மைக்ரோமீட்டர் பருமனுள்ள நுண்ணிழைகள் நெருக்கி அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு நுண்ணிழையும் நீளவாக்கில் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அந்த அறைக்குப் பெயர் சார்கோமியர். ஓய்வில் அதன் நீளம் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர். இரண்டு பக்கமும் சுவராக நிற்பது இசட் கோடு. அந்தச் சுவர்களிலிருந்து ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் நடுவை நோக்கி நீள்கின்றன. நடுவில், சுவரைத் தொடாமல், மயோசின் என்ற தடித்த இழைகள் 1.6 மைக்ரோமீட்டர் நீளத்தில் படுத்திருக்கின்றன. இரண்டு வகை இழைகளும் ஓரளவு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். தடித்த இழை இருக்கும் பகுதி நுண்ணோக்கியில் இருட்டாகவும், மெல்லிய இழை மட்டும் இருக்கும் பகுதி வெளிச்சமாகவும் தெரியும். வரித்தசை என்று பள்ளியில் படித்தோமே, அந்த வரி இதுதான். மயோசினை இசட் சுவரோடு இணைத்து நடுவில் நிறுத்திவைக்க டைட்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. மனித உடம்பிலேயே மிகப் பெரிய புரதம் அது. பல வருடம் யாரும் அதைச் சீண்டவில்லை. கடைசியில் சொல்லப்போகும் மலை இறக்கத்தில் அதற்கும் வேலை இருக்கிறது.

சரி, இதில் எது சுருங்குகிறது? ரொம்ப காலம் மனிதர்கள் நினைத்தது, நரம்பு வழியாக ஏதோ ஒரு ஆவியோ திரவமோ வந்து தசையை உப்பவைக்கிறது, உப்புவதால் நீளம் குறைகிறது என்று. கையை மடக்கினால் புஜம் புடைப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் யான் ஸ்வாமர்டாம் ஒரு தவளைத் தசையைக் கண்ணாடிக் குழலுக்குள் அடைத்து, குழலின் மெல்லிய முனையில் ஒரு துளி நீரை நிறுத்தி, நரம்பைத் தூண்டினார். தசை சுருங்கியது, துளி மேலே ஏறவில்லை. மொத்தக் கன அளவு கூடவில்லை, எனவே உள்ளே எதுவும் வந்து நிரம்பவில்லை. இவ்வளவு மலிவான கருவியில் இவ்வளவு பெரிய கோட்பாட்டை உடைத்தது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம்.

விடை கிடைத்தது 1954-இல். 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும் தவளையின் உயிருள்ள தனி நாரை வைத்து எழுதியது. இன்னொன்று ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் முயல் தசையின் நுண்ணிழைகளை வைத்து எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் இல்லை. இரு குழுவும் கண்டது ஒன்றே: தசை சுருங்கும்போது வெளிச்சப் பட்டை மட்டும் குறுகுகிறது, இருட்டுப் பட்டையின் அகலம் அப்படியே இருக்கிறது. மயோசின் சுருங்கியிருந்தால் இருட்டுப் பட்டையும் குறுகியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. மெல்லிய இழைகளும் தங்கள் நீளத்தில் மாறவில்லை, மயோசின்களுக்கு நடுவே சறுக்கி உள்ளே போயின, அவ்வளவுதான். அப்படியானால் இழைகளில் எதுவுமே சுருங்குவதில்லை. இரண்டு இசட் சுவர்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் குறைகிறது.

இந்தக் குறைவு அறைக்கு அறை மிகச் சிறியது. ஆனால் கூட்டிப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் நாரில், 2.5 மைக்ரோமீட்டர் கணக்கில், 40,000 அறைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் குறைந்தால் நார் 2 சென்டிமீட்டர் குறைந்துவிடும்.

சறுக்கவைப்பது யார்? மயோசின் இழையிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள். கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறும் சுருங்குவதில்லை, கையும் சுருங்குவதில்லை. ஒரு கை பிடித்து இழுக்க, மற்றக் கை விட்டு மேலே போய்ப் பிடிக்கும், வாளி மேலே வரும். மயோசின் செய்வதும் அதுதான். இங்கே கயிறு ஆக்டின். கைகளுக்குத்தான் பஞ்சமில்லை: ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை, ஒரே நேரத்தில் விடுவதுமில்லை. சில பிடித்திருக்கச் சில விடுவதால்தான் கயிறு பின்னால் நழுவாமல் இருக்கிறது.

ஒரு தலையை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அது ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறை ஏற்கெனவே உடைத்து, உடைந்த துண்டுகளான அடினோசின் டைபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. ஆக்டினைத் தொட இடம் கிடைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. பாஸ்பேட் கழன்று விழுகிறது. அந்த நொடியில் தலையின் கழுத்துப் பகுதி சாய்கிறது, ஆக்டின் 5 முதல் 10 நானோமீட்டர் நகர்கிறது. பிறகு டைபாஸ்பேட்டும் போய்விடுகிறது. இப்போது தலை காலியாக, ஆக்டினோடு இறுக ஒட்டிய நிலையில் நிற்கிறது. இங்கே கவனியுங்கள். இந்தப் பிடியை விடுவிக்க ஒரு புது ஏடிபி வந்து உட்கார வேண்டும். வந்ததும் தலை விடுகிறது, ஏடிபியை உடைக்கிறது, மறுபடி நிமிர்கிறது, அடுத்த பிடிக்குத் தயார்.

ஆக இழுக்கும் கணத்தில் புதிதாக ஏடிபி வரத் தேவையில்லை, முந்தைய சுற்றிலேயே சேமித்த ஆற்றல் கையில் இருக்கிறது. புது ஏடிபி முதலில் செய்யும் காரியம் பிடியை விடவைப்பது. செத்த உடம்பு விறைப்பதன் ரகசியம் முழுக்க இந்த ஒரு படியில் இருக்கிறது. உயிர் போன பிறகு ஏடிபி தயாரிப்பு நிற்கிறது, இருப்பு மெல்லத் தீர்கிறது. பிடிக்க வழிவிடும் கால்சியம் (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) கசிந்து, தலைகள் ஆக்டினைப் பிடித்துக்கொள்கின்றன. விடச் சொல்ல ஏடிபி இல்லை. பிடித்த கைகள் பிடித்தபடியே நின்றுபோகின்றன. இமை, தாடைப் பக்கம் சில மணி நேரத்தில் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்க விறைத்துவிடும். நம் ஊர் வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். சாவு வீட்டில் பெரியவர்கள் முதல் வேலையாக நாடியைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் தாமதித்தால் வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒன்றிரண்டு நாளில் விறைப்பு போவதும் தலைகள் மனம் மாறி விடுவதால் இல்லை. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் இசட் சுவர் முதலான கட்டமைப்பையே அரித்துவிடுவதால். கறியும் அப்படித்தான். வெட்டிய சூட்டில், துடிப்பு அடங்கும் முன் சமைத்தால் மெத்தென்று இருக்கும். விறைப்பின் நடுவே அடுப்பில் ஏற்றினால் எத்தனை விசில் விட்டாலும் மெல்ல முடியாது.

அப்படியானால் உயிருள்ள தசையில், ஏடிபி தாராளமாக இருக்கும்போது, தலைகள் ஏன் எப்போதும் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதில்லை? ஆக்டினில் தலை ஒட்ட வேண்டிய இடங்களை ட்ரோபோமயோசின் என்ற நூல் மறைத்துக்கொண்டிருக்கிறது. அதை நகர்த்துவது ட்ரோபோனின். மாரடைப்பு சந்தேகம் வந்தால் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்களே, அதே குடும்பம். அங்கே தேடுவது இதயத் தசைக்கே உரிய வகையை. ட்ரோபோனினோடு கால்சியம் சேர்ந்தால் நூல் விலகும், கால்சியம் போனால் திரும்ப மூடும். இந்தப் பூட்டு இருப்பதை 1960-களில் கண்டுபிடித்துக் காட்டியவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. சாதாரணச் சுண்ணாம்புச் சத்து தசையின் கட்டளையாக இருக்க முடியும் என்பதை அன்றைக்குப் பலர் நம்பவில்லை.

கட்டளை வரும் பாதை இது. தண்டுவடத்திலிருந்து இயக்க நரம்பு வருகிறது. தசையைத் தொடும் முனையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. தசை நாரின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்ததும் நாரின் தோல் முழுக்க மின் அலை பரவுகிறது. அலை, நாருக்குள் குறுக்கே இறங்கும் நுண்குழாய்கள் வழியாக ஆழத்துக்குப் போகிறது. அங்கே கால்சியத்தைச் சேமித்துவைத்திருக்கும் பைகள் திறக்கின்றன. நாருக்குள் கால்சியத்தின் செறிவு பத்து மடங்குக்கும் மேல் எகிறுகிறது. மீதி மேலே சொன்னதுதான்.

இந்தப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதை நம் பக்கத்துப் பாம்புகள் காட்டிவிடும். நல்ல பாம்பின் நஞ்சு தசைப் பக்கத்து ஏற்பியில் போய் உட்கார்ந்து அசிடைல்கோலினுக்கு இடம் விடாமல் செய்கிறது. கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. இரண்டிலும் முதலில் இமை சரியும். கடிபட்டவர் தூக்கத்தில் இருக்கிறார் என்று வீட்டில் நினைப்பார்கள். அவருக்கு நினைவு தெளிவாகவே இருக்கலாம், இமையைத் தூக்கத்தான் தசைக்குக் கட்டளை வரவில்லை. அடுத்து விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். நல்ல பாம்புக் கடியில், அசிடைல்கோலின் சீக்கிரம் அழியாமல் காக்கும் நியோஸ்டிக்மின் ஊசி ஓரளவு கைகொடுக்கும், ஏனென்றால் நரம்பு முனை நல்லபடியாக இருக்கிறது. கட்டுவிரியனில் அது பெரிதாக உதவாது. முனை திரும்ப வளரும்வரை செயற்கைச் சுவாசத்தில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். பூச்சிமருந்து நஞ்சு இதற்கு நேர் எதிர்: கொட்டிய அசிடைல்கோலின் அழியாமல் தங்கிவிடுவதால் தசைகள் முதலில் தோலுக்கடியில் புழு நெளிவதாகத் துடிக்கும், பிறகு ஓய்ந்துபோகும்.

இனி விடும் வேலை. நரம்பு ஓய்ந்ததும் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்ற வேண்டும். அது தானாகப் போகாது. பையின் சுவரிலுள்ள பம்புகள் இரண்டு கால்சியத்துக்கு ஒரு ஏடிபி என்று செலவழித்து இறைக்கின்றன. தளர்வது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம், தசைக்குத் தளர்வதும் காசு செலவுதான்.

எங்கள் காலத்தில் இதைக் கண்ணால் பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு எடுத்து, தசைநாணில் நூல் கட்டி, நூலை ஒரு நெம்புகோலில் மாட்டுவோம். எதிரே மண்ணெண்ணெய்ப் புகையில் கரி படியவைத்த காகிதம் சுற்றிய உருளை சுழலும். ஒரு மின் அதிர்வு கொடுத்தால் நெம்புகோல் முள் கரியில் வெள்ளையாக ஒரு மேட்டை வரையும். மொத்தம் சுமார் பத்தில் ஒரு நொடி. அதில் ஏறுவதை விட இறங்குவதற்குத்தான் நேரம் கூட. தசையை விடாமல் தூண்டிக் களைப்படையச் செய்தால் மேடு குட்டையாவதோடு, இறங்கும் சரிவு நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் முள் பழைய கோட்டுக்கே திரும்பி வராது. களைத்த தசை இழுக்கச் சிரமப்படுவது எல்லோருக்கும் தெரியும். விடுவதற்கும் அது திணறுகிறது என்பதை அந்தக் கரிக்கோடு காட்டும். தவளையை அறுப்பது இப்போது நின்றுவிட்டது, நல்லதுதான். பிள்ளைகள் கணினித் திரையில் வளைகோட்டைப் பார்க்கிறார்கள். கைவிரலில் கரி ஒட்டாததால் அது மனதிலும் ஒட்டுவதில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு நார் இழுத்தால் முழுசாக இழுக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். பிறகு எப்படி முட்டையை மெதுவாகவும் செங்கல்லை இறுக்கமாகவும் பிடிக்கிறோம்? எத்தனை நார்களைக் கூப்பிடுவது, எவ்வளவு அடிக்கடி கூப்பிடுவது என்ற இரண்டையும் நரம்பு மண்டலம் கூட்டிக் குறைக்கிறது. ஒரு நரம்புச் செல் கண்ணை உருட்டும் தசையில் பத்து நார்களை மட்டும் ஆளலாம், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல் ஆளும். லேசான வேலைக்கு முதலில் கூப்பிடுவது சிறிய, களைக்காத, சிவப்பு நார்களை. பளு ஏற ஏறத்தான் பெரிய, வேகமான, சீக்கிரம் களைக்கும் வெளிர் நார்கள் வரும். நாள் முழுக்க நடக்கும் கோழியின் கால் கறி சிவந்தும், எப்போதாவது படபடக்கும் நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பது இதனால்தான்.

நீளமும் முக்கியம். இதை இப்போதே செய்து பார்க்கலாம். மணிக்கட்டை உள்பக்கமாக முடிந்தவரை மடக்கிவையுங்கள். அப்படியே விரல்களை இறுக்கிக் கைமுட்டி பிடியுங்கள். வராது, வந்தாலும் பலம் இருக்காது. விரல் மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டு மடங்கியதிலேயே அவை குறுகிவிட்டன, இழைகள் ஏற்கெனவே நெருக்கி நுழைந்துவிட்டன, மேற்கொண்டு இழுக்க இடம் இல்லை. ரொம்ப நீட்டினாலும் கஷ்டம்தான், தலைக்கு ஆக்டின் எட்டாது. நடுவில் ஒரு நல்ல நீளம் உண்டு. உடம்பு பெரும்பாலும் மூட்டுகளை அதற்குத் தோதாகத்தான் வைத்திருக்கிறது.

கடைசியாக மலை இறக்கம். ஏறும்போது தொடையின் முன்தசை குறுகிக்கொண்டே இழுக்கிறது. இறங்கும்போது அதே தசை உடம்பு தடாலென்று விழாமல் பிடித்துக்கொண்டே நீள்கிறது. அதாவது தலைகள் ஆக்டினைப் பிடித்திருக்கும்போதே எதிர்ப்பக்கம் இழுபடுகின்றன. பல தலைகள் ஏடிபிக்குக் காத்திராமல், இழுப்பின் வேகத்திலேயே பிய்ந்து விடுகின்றன, உடனே மறுபடி பிடிக்கின்றன. கூடவே டைட்டினும் நீட்சியை எதிர்த்து நிற்கிறது. விளைவு: தசை குறைந்த செலவில் அதிக விசையைத் தாங்குகிறது. 1952-இல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னால் மிதிக்க, மற்றவர் பின்னால் சுழலும் பெடலைத் தடுக்க வேண்டும். விசை இருவருக்கும் ஒன்றே. ஆனால் தடுப்பவருக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே செலவானது. இறங்கும்போது உங்களுக்கு மூச்சு வாங்காததன் காரணம் இதுதான்.

செலவு குறைவு, சேதம் அதிகம். குறைந்த நார்களே மொத்தப் பளுவையும் சுமப்பதால் சில சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு, இசட் சுவர்கள் கோணலாகி, உறையும் அங்கங்கே காயப்படுகிறது. அதை ஒட்டி வரும் அழற்சி மெதுவாகத்தான் கிளம்பும். எனவே வலி அன்று இராது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்தில் இருக்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று ஜிம்மில் சொல்வதை நம்ப வேண்டாம். அது ஒரு மணி நேரம் போல் ஆனதுமே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். மேலும், அமிலம்தான் காரணம் என்றால் ஏறியதற்கு அல்லவா அதிகம் வலிக்க வேண்டும்? அடுத்த தடவை போவதற்குச் சில வாரம் முன்னால் மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள். ஒரு முறை இப்படி லேசாகக் காயப்பட்ட தசை, அடுத்த முறை அதே இறக்கத்தை மிகக் குறைந்த வலியோடு தாங்கும். மலையில் ஊன்றி நடக்கும் மூங்கில் கம்பும் விளையாட்டுக்கு இல்லை, ஒவ்வொரு அடியிலும் தொடையின் சுமையில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்கிறது.

இந்த வலி நாலைந்து நாளில் தானாகப் போய்விடும். மெல்ல நடப்பது நல்லது, முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டாம். ஆனால் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் கதை வேறு. நார்கள் அளவுக்கு மீறி உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் இறங்குகிறது என்று அர்த்தம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், மலை இறங்கிய விவரத்தைச் சொல்லி, ரத்தத்தில் சிகே (உடைந்த தசையிலிருந்து கசியும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி) அளவு பார்க்கச் சொல்லுங்கள்.